ஐந்தாம் நிலைக்குக் கீழே

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1830-களில் வெளியிட்ட ‘ஃபுஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்’ வரிசையில் எண்ணிப் பார்த்தால் 46 படங்கள் இருக்கும். வரவேற்பு பலமாக இருந்ததால் பிறகு பத்துப் படங்கள் சேர்ந்தன. அலைக்குப் பின்னால், பாலத்துக்கு அடியில், பீப்பாய் செய்கிறவனின் மரவளையத்துக்குள் என்று எங்கிருந்தாவது அந்த முக்கோண மலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு படத்தில் மட்டும் அதன் உருவத்தைக் காணோம். காரணம் எளிது. அந்தப் படத்தில் உள்ளவர்கள் மலைமேலேயே இருக்கிறார்கள். செம்பழுப்புப் பாறைகளுக்கு இடையே ஓர் ஏணி. தொப்பியும் தடியுமாகச் சிலர் முக்கி முனகி ஏறுகிறார்கள். வலது மேல்மூலையில் ஒரு குகை. அதற்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு, இடமில்லாமல் நெருக்கியடித்து ஒரு கும்பல் உட்கார்ந்திருக்கிறது.

ஃபுஜியில் கூட்டம் தாங்கவில்லை என்று இன்றைக்கு அலுத்துக்கொள்கிறவர்கள் அந்தக் குகையை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம்.

மலையின் உயரம் 3,776 மீட்டர். ஜப்பானில் இதற்கு மேல் உயரம் கிடையாது. ஏறுவதற்கான பருவம் ஜூலைத் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் 10 வரை, ஏறக்குறைய எழுபது நாள். 2023-இல் அந்த எழுபது நாளுக்குள் ஏறியவர்கள் 2 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேல். அதற்குப் பத்தாண்டுக்கு முன் 3 லட்சத்தையும் தாண்டியிருக்கிறது. மேலே போக யோஷிதா, சுபாஷிரி, கோதெம்பா, ஃபுஜினோமியா என்று நான்கு பாதைகள் இருந்தும், பாதிக்கு மேற்பட்டவர்கள் வந்து விழுவது வடக்கே யோஷிதா பாதையில்தான். பத்து நிலைகளாகப் பிரித்த அந்தப் பாதையில், விடியற்காலை மூன்று மணிக்கு எட்டாம் நிலைக்கு மேலே நின்றால், நெற்றியில் கட்டிய விளக்குகளின் வரிசை ஒன்று வளைந்து வளைந்து உச்சிவரை போவது தெரியும். இரண்டு அடி வைப்பது, நிற்பது, மறுபடி இரண்டு அடி. எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே: ‘கோராய்கோ’, உச்சியில் நின்று பார்க்கும் சூரிய உதயம்.

2024-இல் யமனாஷி மாவட்ட நிர்வாகம் யோஷிதா பாதையின் ஐந்தாம் நிலையில் ஒரு கதவைப் போட்டது. தலைக்கு 2,000 யென். ஒரு நாளைக்கு 4,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை. மாலை நான்கு மணிக்கு மூடினால் அதிகாலை மூன்றுக்குத்தான் திறப்பு. மலைக்குடிலில் இடம் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் நேரக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு. அடுத்த ஆண்டே கட்டணம் நான்கு பாதைகளிலும் 4,000 யென் ஆனது. கதவு மூடும் நேரம் பிற்பகல் இரண்டுக்கு வந்தது. இரவில் தூங்காமல் ஒரே மூச்சில் ஏறி, உதயம் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் இறங்கும் பழக்கத்துக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் ‘தோட்டா ஏற்றம்’. கதவு முக்கியமாக இப்படி ஏறுகிறவர்களுக்காகத்தான். உடம்பு உயரத்துக்குப் பழக நேரம் கொடுக்காமல் ஏறுகிறவர்கள் வழியில் தலைசுற்றி, வாந்தியெடுத்து உட்கார்ந்துவிடுவார்கள். குளிரில் விறைத்தவர்களைக் கீழே கொண்டுவருவது மீட்புக் குழுவின் தலையில் விழும்.

இதில் கவனிக்க வேண்டியது கதவு இருக்கும் இடம். ஐந்தாம் நிலை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. யோஷிதா நகரிலிருந்து அதுவரை உள்ள ஏற்றம் முழுக்க, கிட்டத்தட்ட பாதி மலை, பெரும்பாலானோர் கணக்கில் வருவதே இல்லை. அந்தப் பாதியில் ஒரு காலத்தில் நடந்தது இன்னொரு கதை.

*

முதலில் யாரும் ஏறவில்லை. எரிமலையிடம் மனிதர்கள் தூரத்தில் நின்றே பேசினார்கள். 864-இல் அது பெரிதாகக் குமுறியது. அடிவாரத்தில் செங்கேன் கோயில்கள் எழுந்ததே அதன் சினத்தைத் தணிக்கத்தான். 12-ஆம் நூற்றாண்டில் மத்ஸுதாய் என்ற துறவி பலமுறை ஏறி இறங்கி, 1149-இல் உச்சியில் தைநிச்சி புத்தருக்கு ஒரு கோயிலும் கட்டினார். அதன்பின் மலை துறவிகளின் தவப்பாட்டை ஆயிற்று. சாதாரணக் குடியானவனுக்கோ கடைக்காரனுக்கோ அங்கே வேலை இல்லை.

அந்த நிலையை மாற்றிய பரம்பரை ஹசெகாவா கக்குக்யோவில் தொடங்குகிறது. மலையின் மேற்கு அடிவாரத்தில் ஹிதோஅனா என்ற எரிமலைக் குகைக்குள், ஒரு சாண்கூட அகலமில்லாத மரக்கட்டை மேல் ஆயிரம் நாள் நின்று தவம் செய்தார் என்பது அவரைப் பற்றிய ஐதிகம். ஆனால் கூட்டத்தை மலைக்கு இழுத்து வந்தது அந்தப் பரம்பரையில் வந்த ஓர் எண்ணெய் வியாபாரி. ஜிக்கிக்யோ மிரோகு என்று பெயர். எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், கடை வைத்திருந்தவர்; சொத்தைக் கொடுத்துவிட்டு ஏழையாக வாழ்ந்தார். 1733-இல் பஞ்சமும் அரிசிக் கலவரமுமாக எடோ கிடந்தபோது அவர் ஃபுஜிக்கு ஏறினார். உச்சியில் உயிர்விட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. எனவே இன்றைய எட்டாம் நிலைப் பக்கம், 3,200 மீட்டருக்கு மேலே, எபோஷி பாறையடியில் ஒரு சிறு மர மாடத்துக்குள் உட்கார்ந்து 31 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்டார். அந்த நாட்களில் அவர் சொன்னதையெல்லாம் யோஷிதாவைச் சேர்ந்த சீடர் தனபே ஜூரோயெமோன் எழுதி வைத்தார். ஒழுங்காக உழைத்து, நேர்மையாக விற்று வாழ்ந்தால் போதும். ஆணும் பெண்ணும் சமம். நான்கு வகுப்பாரும் சமம். அவர் சொன்னதன் சாரம் இதுதான். கடைத்தெருக்காரர்களுக்கு இது புரிந்தது.

அடுத்த நூறு ஆண்டில் எடோவில் ஃபுஜி-கோ என்ற சங்கங்கள் புற்றீசலாகக் கிளம்பின. எடோவின் 808 தெருவுக்கு 808 சங்கம் என்று ஊரில் பேச்சு. எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். எங்கு பார்த்தாலும் இருந்தன என்பது அதன் பொருள். நடைமுறை, தமிழர்களுக்கு நன்றாகப் பழகிய குலுக்கல் சீட்டேதான். உறுப்பினர்கள் மாதா மாதம் கொஞ்சம் காசு போடுவார்கள். சீட்டு விழுந்த சிலர் அந்த ஆண்டு எல்லோர் சார்பாகவும் மலைக்குப் போய்வருவார்கள். மீதிப் பேர் அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்பார்கள். தச்சனும் மீன்காரனும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலைக்குப் போய்வர முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். ஷோகுன் அரசுக்கு இது பிடிக்கவில்லை. நகரத்துச் சாமானியர்கள் இத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து காசு திரட்டுவது எந்த அரசுக்குத்தான் பிடிக்கும்? திரும்பத் திரும்பத் தடை போட்டது. 1849-இல் கடுமையாகவே போட்டது. சங்கங்கள் அடங்கவில்லை.

போய்ச் சேர மூன்று நாள் நடை. யோஷிதாவின் நுழைவாயிலில் ‘கனதொரி’ என்ற பெரிய உலோகத் தோரணவாயில் நிற்கிறது. அதன் நடுவே மலை முழுதாகத் தெரியும்படி தெரு போகிறது. தெருவின் இரு பக்கமும் ‘ஓஷி’களின் வீடுகள். ஓஷி என்பவர் பாதிப் பூசாரி, பாதிச் சத்திரக்காரர். உச்சத்தில் இந்தத் தெருவில் 86 ஓஷி வீடுகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் எந்தெந்தச் சங்கம் சொந்தம் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பாத்தியதை. குளிர்காலத்தில் ஓஷி எடோவுக்குப் போய்த் தன் சங்கத்தார் வீடுகளுக்கெல்லாம் காப்புச்சீட்டு கொடுத்துக் காணிக்கை வாங்கி வருவார். கோடையில் அவர்கள் இவர் வீட்டுக்கு வருவார்கள். சோறு, படுக்கை, வழிகாட்டி, சுமைகூலி, பூஜை எல்லாம் ஒரே இடத்தில். இன்றைய சுற்றுலா முகவர்கள் ‘பேக்கேஜ்’ என்று விற்பதில் இங்கே இல்லாதது எதுவும் கிடையாது.

இந்த வீடுகளில் தொகாவா குடும்பத்தின் வீடு இப்போது நகராட்சியின் பொறுப்பில் பார்வைக்குத் திறந்திருக்கிறது. முதன்மைக் கட்டடம் 1768-இல் கட்டியது. தெருவில் நின்று பார்த்தால் வீடு கண்ணில் படாது. ஒடுக்கமான நீண்ட மனை. தெருவிலிருந்து ஒரு சந்து உள்ளே போகும், குறுக்கே ஒரு சிற்றோடை ஓடும். மலையிலிருந்து வரும் அந்த ஐஸ் தண்ணீரில் யாத்திரிகர்கள் உடம்பைச் சுத்தம் செய்துகொண்டபிறகே வீட்டுப்படி ஏறுவார்கள். உள்ளே அறைகளைப் பிரிப்பவை காகிதக் கதவுகள். கூட்டம் வந்தால் கதவுகளைக் கழற்றிவிட்டால் ஒரே கூடம். கடைசி அறையில் மலைத் தெய்வத்தின் சந்நிதி.

மறுநாள் வெள்ளை உடுத்து, தடியை எடுத்துக்கொண்டு, கிதகுச்சி ஹொங்கு செங்கேன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கோயிலுக்குப் பின்னால் உள்ள வழியாக மலை ஏறுவார்கள். கோயில் இருப்பது 850 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து உச்சிவரை கிட்டத்தட்ட 2,900 மீட்டர் ஏற்றம். வழியைப் பத்து நிலையாகப் பிரித்திருந்தார்கள். நிலைக்கு ‘கோ’ என்று பெயர். அரிசி அளக்கும் அளவுக்கும் அதே பெயர், அதே எழுத்து. பத்துக் கோ அரிசியை அளந்து கொட்டினால் விழுகிற குவியலின் வடிவம்தான் ஃபுஜி, அதனால் மலைக்கும் பத்துக் கோ என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். நம்புவதா வேண்டாமா என்பது அவரவர் பாடு. மலையைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

1,450 மீட்டரில் உமாகாயெஷி. ‘குதிரை திரும்பும் இடம்’ என்று பொருள். சவாரி வந்தவர்களும் அங்கே இறங்கி நடக்க வேண்டும். அதற்கு மேல் புனித நிலம். அங்குள்ள தோரணவாயிலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய குரங்குகள் கைகூப்பி உட்கார்ந்திருக்கின்றன. குரங்கு ஆண்டு ஒன்றில்தான் மலை முதலில் உலகுக்குத் தெரிந்தது என்பது நம்பிக்கை. ஆகவே அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தக் குரங்கு ஆண்டில் ஏறினால் புண்ணியம் பல மடங்கு. 1800, 1860 ஆண்டுகளில் அந்தக் கணக்குப்படி கூட்டம் அலைமோதியது.

பெண்களுக்குத்தான் வழி பாதியில் நின்றது. ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்லி உயிர்விட்டவரின் மலையில், யோஷிதா பக்கம் பெண்கள் இரண்டாம் நிலை அளவிலேயே நின்று கும்பிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. குரங்கு ஆண்டில் கொஞ்சம் மேலே விடுவார்கள். கூட்டத்தைத் தவிர்த்து ஃபுஜி ஏறியவர்களில் வரலாறு பெயர் சொல்லும் ஓர் ஆள் பெண்ணாக இருப்பதற்கு இதுதான் காரணம். 1832-இல் தகயாமா தத்ஸு என்பவர் ஆண் வேடம் போட்டுக்கொண்டு, மிரோகு வழிவந்த கொதானி சான்ஷி முதலியோருடன், பருவம் முடிந்து காவலும் கூட்டமும் கலைந்த இலையுதிர் காலத்தில் உச்சியைத் தொட்டார். மற்றவர்களுக்குக் கூட்டம் தொல்லை. அவருக்கு அது ஆபத்து. தடை சட்டப்படி நீங்கியது 1872-இல்.

*

எல்லோராலும் போக முடியாது. சீட்டு எல்லோருக்கும் விழாது. இதற்கு எடோக்காரர்கள் கண்டுபிடித்த தீர்வு விநோதமானது. மலையையே ஊருக்குள் கொண்டுவந்தார்கள். ஜிக்கிக்யோவின் சீடரும் தோட்டக்காரருமான தகதா தோஷிரோ 1779 வாக்கில் எடோவில் மண்ணைக் குவித்து, ஃபுஜியின் எரிமலைக் கல்லைக் கொண்டுவந்து பதித்து ஒரு குட்டி ஃபுஜியைக் கட்டி முடித்தார். ‘ஃபுஜிஸுகா’ என்று பெயர். பெண்கள், முதியவர்கள், நோயாளிகள், காசில்லாதவர்கள் எல்லோரும் அதில் ஏறினார்கள். உண்மை மலையில் ஏறிய பலன் உண்டு. ஊர் முழுக்க இன்னும் பல முளைத்தன. முதல் மேடு 1960-களில் பல்கலைக்கழகக் கட்டடத்துக்காக இடிபட்டது.

டோக்கியோவில் எஞ்சியிருப்பவற்றில் பழையது செந்தகாயாவில், ஹதொமோரி ஹாச்சிமான் கோயில் வளாகத்தில் உள்ளது, 1789-இல் கட்டியது. உயரம் ஆறு மீட்டர் போல. கைப்பிடியில்லாத கற்படிகள், இடுக்கில் செடிகள், ஏழாம் நிலையில் ஒரு சின்னக் குகை, அதற்குள் ஜிக்கிக்யோவின் உருவம். உச்சியருகே மட்டும் கறுத்த எரிமலைக் கல். இரண்டு நிமிடத்தில் ஏறிவிடலாம். கூட்டமே இருக்காது. கட்டணமும் இல்லை, கதவும் இல்லை.

*

1868-க்குப் பின் மெய்ஜி அரசு புத்தத்தையும் ஷிந்தோவையும் பிரித்தது. 1874-இல் உச்சியில் இருந்த புத்தர் சிலைகளை உடைத்து அகற்றினார்கள். மத்ஸுதாயின் காலம் முதல் மலைமேல் சேர்ந்தவை ஒரே கோடையில் போயின. வேறொரு பக்கம் ரயில் வந்தது. 1889-இல் தோக்காய்தோ ரயில் தென்கிழக்கே கோதெம்பாவில் நின்றது. 1929-இல் யோஷிதாவுக்கே ரயில் வந்தது. மூன்று நாள் நடை அரை நாளானது. அப்போதும் மலைமேல் நடந்துதான் ஏற வேண்டும். உமாகாயெஷியில் டீக்கடை, முதல் நிலையில் குடில், இரண்டாம் நிலையில் கோயில் என்று வழி முழுக்க ஆள் நடமாட்டம் இருந்தது. கூட்டம் மலை முழுக்கப் பரவியிருந்தது.

1964 ஏப்ரலில் ஃபுஜி சுபாரு லைன் திறந்தது. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு ஆறு மாதம் முன்பு. சுமார் 30 கிலோமீட்டர் தார்ச்சாலை, கவாகுச்சி ஏரியோரத்திலிருந்து நேராக ஐந்தாம் நிலைப் பக்கம் கொண்டுபோய் விடும். ஐந்து மணி நேர நடை, பேருந்தில் ஒரு மணிக்குள் முடிந்தது. யார் நடப்பார்கள்? முதல் நிலை முதல் நான்காம் நிலை வரை இருந்த குடில்கள் வருமானமில்லாமல் மூடின. ஆறு ஆண்டில் தெற்குப் பக்கமும் ஒரு மலைச்சாலை வந்தது. ஓஷி வீடுகளில் பல சாதாரண விடுதிகளாயின, பல மூடின.

சாலை கூட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். கூட்டம் ஏற்கெனவே இருந்தது. சாலை செய்தது அதைக் கீழ்ப் பாதியிலிருந்து வழித்தெடுத்து மேல் பாதியில் திணித்தது. மலையில் இரண்டு மூன்று நாள் பரந்து கிடந்தவர்கள் ஒரே இரவுக்குள், ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஏற்றத்துக்குள் வந்து அடைந்தார்கள். மலைக்குடில்களில் தோளோடு தோள் உரசிப் படுப்பதும், கழிப்பறைக் கழிவு சரிவில் வெள்ளைக் கோடாக வழிந்ததும், குப்பையைச் சொல்லி 1990-களில் உலக இயற்கை மரபுச் சின்னப் பேச்சு கைவிடப்பட்டதும் இதன் தொடர்ச்சிதான். கழிப்பறைகளைச் சீர்செய்து, 2013-இல் இயற்கைச் சின்னமாக அல்லாமல் பண்பாட்டுச் சின்னமாக யுனெஸ்கோ பட்டியலில் இடம் வாங்கினார்கள். அந்தப் பட்டியலில் தொகாவா வீடும் செங்கேன் கோயிலும் உண்டு.

ஆகவே கூட்டமில்லாமல் ஃபுஜி ஏற விரும்புகிறவர்களுக்கு, பழைய கூட்டம் தேய்த்துப் போட்ட பாதை இருக்கிறது. காலையில் செங்கேன் கோயிலின் பெரிய தேவதாரு மரங்களைத் தாண்டினால் பைன் காடு. உமாகாயெஷியில் கல் குரங்குகளைத் தவிர வரவேற்க ஆள் அநேகமாக இருக்காது. அதற்கு மேல் வழி காட்டுக்குள் ஏறுகிறது. இடையிடையே பழைய குடில்களின் மிச்சம்: சரிந்த உத்திரம், பாசி படிந்த கல்மேடை, பக்கத்தில் அந்த இடத்தின் பழைய புகைப்படம் போட்ட பலகை. படத்தில் வெள்ளை உடுத்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்; நிமிர்ந்து பார்த்தால் அதே இடத்தில் மரம் நிற்கும். இப்படி நடந்து வருகிறவருக்கு இன்னொரு லாபம் உண்டு. உடம்பு மெல்ல மெல்ல உயரத்துக்குப் பழகுகிறது. பேருந்தில் வந்து இறங்கியவருக்கு வரும் தலைவலி இவருக்கு வர வாய்ப்பு குறைவு. ஆறாம் நிலையில் பழைய பாதை புதிய கூட்டத்தோடு சேரும். கட்டணமும் நேர விதியும் இவருக்கும் உண்டு.

அங்கிருந்து மேலே கூட்டத்தை அறவே தவிர்க்க முடியாது, ஆனால் குறைக்கலாம். சனிக்கிழமையையும் ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறையையும் விட்டுவிட வேண்டும். உதயத்தை உச்சியில்தான் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விடலாம். யோஷிதா பாதை மலையின் வடகிழக்கு முகத்தில் ஏறுகிறது. ஏழாம், எட்டாம் நிலைக் குடில் வாசலிலேயே சூரியன் கண்ணெதிரில் வரும். ஜிக்கிக்யோ கடைசியாகப் பார்த்த உதயங்களும் அங்கிருந்துதான். மற்றவர்கள் உச்சியிலிருந்து இறங்கும் நேரத்தில் நிதானமாக ஏறினால் எரிமலை வாயைச் சுற்றி வர இடம் கிடைக்கும். கால் வலுவுள்ளவர்களுக்குக் கோதெம்பா பாதை இருக்கிறது: 1,440 மீட்டரிலிருந்து தொடக்கம், நான்கிலும் நீளம், நான்கிலும் ஆள் குறைவு. இறங்கும்போது எரிமலை மணலில் கால் புதையப் புதைய ஓடி வரலாம்.

பருவம் முடிந்தபின் போவது மட்டும் வேண்டாம். தத்ஸுவுக்கு வேறு வழியில்லை, இன்றைக்கு இருக்கிறது. செப்டம்பர் 10-க்குப் பிறகு பாதைகள் சட்டப்படி மூடப்படுகின்றன, குடில்களும் அடைத்துவிடுகின்றன. அப்படியும் போகிறார்கள். 2025 ஏப்ரலில் பனியில் சிக்கி ஹெலிகாப்டரில் மீட்கப்பட்ட ஒரு மாணவர், மேலே விட்டுவந்த செல்போனை எடுக்க நான்கே நாளில் திரும்பப் போய் இரண்டாம் முறையும் மீட்கப்பட்டார்.

யோஷிதாவில் ஆகஸ்ட் 26 மாலை தீத்திருவிழா நடக்கும். ஓஷிகளின் தெருவில் மூன்று மீட்டர் உயரத் தீப்பந்தங்கள் எழுபதுக்கு மேல் வரிசையாக எரியும். ஃபுஜி வடிவில் செய்த செந்நிறப் பல்லக்கைத் தூக்கி வந்து, எரிமலை அதிர்வதுபோலத் தரையில் தொப்பென்று போடுவார்கள். மலையிலுள்ள குடில்காரர்களும் அவரவர் வாசலில் தீ மூட்டுவார்கள். மலையை மூடுவதற்கான சடங்கு இது. இந்த ஆண்டுக்கு இவ்வளவுதான், இனி யாரும் ஏற வேண்டாம் என்று பொருள். மறுநாள் காலை தெருவில் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, ஐந்தாம் நிலைக்குப் போகும் முதல் பேருந்து நிரம்பிக் கிளம்பும். பருவம் இன்னும் இரண்டு வாரம் ஓடும்.